யுத்தத்திற்குப் பின் ஜப்பானியக் கிராமங்கள்
நிலம் கைமாறிய விதமும், கூட்டுறவு சங்க அங்கத்தினர்கள் அதிலிருந்து அறிய வேண்டியதும்

1. பாடத்தின் நோக்கம்

பெரிய யுத்தம் ஒன்று முடிந்தபின், இடிந்த பாலங்களையும் ஆலைகளையும் மீண்டும் கட்டுவது மட்டும் புனர்நிர்மாணம் ஆகாது. யுத்தத்திற்கு முன் யார் கையில் பொருளும் அதிகாரமும் இருந்தனவோ, அவர்களே பின்னரும் அவற்றை வைத்திருப்பார்களா, அல்லது வேறு வகுப்பார் அவ்விடத்திற்கு வருவார்களா என்ற கேள்வியும் அதனுடன் எழுகின்றது. 1945-ஆம் வருஷத்தில் தோல்வியுற்ற ஜப்பான் தேசத்தில் இக்கேள்விக்கு ஐந்து வருஷங்களுக்குள் விடை காணப்பட்டது. தேசத்தின் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதனை உழுதுவந்த குடியானவர்களுக்கே சொந்தமாயிற்று. உள்நாட்டுக் கலகமோ இரத்தஞ்சிந்துதலோ இன்றி இது நடைபெற்றது.

இதனை ஒரு சட்டத்தின் வெற்றி என்று கூறுவது வழக்கம். அது பாதி உண்மையே. சட்டம் எழுதப்படுவதற்கு இருபது வருஷங்களுக்கு முன்பே குடியானவர்கள் கூடிப் பேசவும், கணக்குக் கேட்கவும் பழகியிருந்தனர். சட்டம் நிறைவேறியபின் கமிட்டியில் அவர்களே அமர்ந்தனர். நிலம் கிடைத்தபின் கடனையும் விற்பனையையும் தங்கள் சங்கத்தின் மூலம் நடத்தினர். இம்மூன்றும் சேர்ந்தமையாலேயே கிடைத்த நிலம் கையில் நின்றது. இதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

2. பழைய நிலைமை

1873-ஆம் வருஷத்தில் ஜப்பானிய சர்க்கார் நிலவரியைச் சீர்திருத்தினர். அதற்குமுன் விளைச்சலில் பங்காகச் செலுத்தப்பட்ட வரி, அதன்பின் நிலமதிப்பில் நூற்றுக்கு 3 வீதம் ரொக்கமாகச் செலுத்தப்பட வேண்டியதாயிற்று. 1877-இல் அது 2½ வீதமாகக் குறைக்கப்பட்டது. ஆயினும், விளைச்சல் பொய்த்தாலும் நெல் விலை இறங்கினாலும் வரித்தொகை இறங்கவில்லை. இதனால் சிறு நிலக்காரர் பலர் கடன்பட்டு, நிலத்தை இழந்து, தாங்கள் இழந்த வயலையே குத்தகைக்கு உழும் நிலைமைக்கு வந்தனர். யுத்தம் முடிந்த காலத்தில் மொத்தச் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 46 பங்கு குத்தகையில் இருந்தது. நஞ்சைக்குக் குத்தகையாக விளைச்சலில் ஏறக்குறையப் பாதியை நெல்லாகவே அளக்க வேண்டியிருந்தது.

நிலச்சுவான்தார் குத்தகை வாங்குபவர் மட்டும் அல்லர். கிராமத்தில் கடன் கொடுப்பவரும், கலியாணத்திற்கும் வழக்கிற்கும் மத்தியஸ்தம் பேசுபவரும், கிராம நிர்வாகத்தின் தலைவரும் பெரும்பாலும் அவரே. கூட்டுறவு சங்கமும் அவர் கையிலேயே இருந்தது. ஜப்பானில் கூட்டுறவுச் சட்டம் 1900-ஆம் வருஷத்தில் இயற்றப்பட்டது. ஜெர்மனி தேசத்தில் ராய்பைசன் என்பார் கண்ட நாணய சங்க முறையைப் பார்த்து அது அமைக்கப்பட்டது. சர் பிரடெரிக் நிக்கல்ஸன் சென்னை மாகாணத்திற்காக ஆராய்ந்து எழுதிய அறிக்கைக்கும், இந்தியாவின் 1904-ஆம் வருஷத்துச் சட்டத்திற்கும் அந்த ஜெர்மானிய முறையே மாதிரியாயிற்று. ஆகவே ஜப்பானியச் சங்கங்களும் நம் சங்கங்களும் ஒரே வித்திலிருந்து முளைத்தவை எனலாம்.

ஒரே வித்தாயினும் மண்ணுக்கேற்பவே பயிர் வளரும். கடன் பெற நில ஈடு வேண்டும். குத்தகைக் குடியானவனிடம் அது இல்லை. பங்குத்தொகை கட்டவும் அவனிடம் ரொக்கம் இல்லை. ஆதலின் தொடக்கக் காலத்துச் சங்கங்களில் நிலச்சுவான்தார்களும் வசதியுள்ள சொந்தச் சாகுபடியாளர்களுமே பெரும்பாலும் அங்கத்தினராயினர். ஏழைகளுக்கென்று ஏற்பட்ட சங்கம் ஏழைகளுக்கு எட்டாமலிருந்தது.

3. குடியானவர் இயக்கம்

1918-ஆம் வருஷக் கோடையில் அரிசி விலை பொறுக்கமுடியாதபடி ஏறிற்று. தொயாமா ஜில்லாவின் கடற்கரை ஊர்களில் செம்படவக் குடும்பத்துப் பெண்கள், வெளியூருக்கு அரிசி ஏற்றுவதைத் தடுக்க முற்பட்டனர். அக்கிளர்ச்சி தேசமெங்கும் பரவி, அவ்வாண்டு மந்திரிசபை ராஜினாமா செய்யும்வரை சென்றது. ஒன்றுகூடினால் சர்க்காரும் செவிசாய்க்கும் என்பதைச் சாமானிய ஜனங்கள் இதனால் கண்டுகொண்டனர்.

1922-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் கோபே நகரில் ஜப்பான் குடியானவர் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. இதனைத் தொடங்கியவர்கள் ககாவா தொயோஹிகோ, சுகியாமா மொதோஜிரோ என்னும் இருவர். இவர்களில் ககாவா, கோபே நகரத்துச் சேரிகளில் குடியிருந்து ஏழைகளுக்கு ஊழியம் புரிந்த கிறிஸ்தவப் போதகர். கூட்டுறவு இயக்கத்தை உயிர்போல் கருதியவர். 1938-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் சென்னைக்கடுத்த தாம்பரத்தில் கூடிய சர்வதேசக் கிறிஸ்தவ மகாநாட்டிற்கு இவர் வந்திருந்தார். மறுமாதம் மகாத்மா காந்தியையும் கண்டு பேசினார்.

இச்சங்கத்தார் முதலில் நிலத்தைக் கேட்கவில்லை. குத்தகையைக் குறைக்க வேண்டும், விளைச்சல் கெட்ட வருஷத்தில் தள்ளுபடி வேண்டும், காரணமின்றிக் குடியெழுப்பக் கூடாது என்பனவே அவர்கள் கோரிக்கைகள். 1920-ஆம் வருஷத்தில் நானூறு அளவில் இருந்த குத்தகைத் தகராறுகள், 1935-ஆம் வருஷத்தில் 6,800-க்கு மேற்பட்டன. 1924-ஆம் வருஷத்துச் சட்டமொன்று இத்தகராறுகளை மத்தியஸ்தத்தின் மூலம் தீர்க்க வழிசெய்தது. குத்தகைதாரர்க்கு முழு நியாயம் கிடைத்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் வயலின் விளைச்சலை இரு கட்சியாரும் பார்க்க அளப்பதும், அளந்ததை எழுதி வைப்பதும், நிலச்சுவான்தாருக்கு எதிரே உட்கார்ந்து மரியாதை தவறாமல் தம் கட்சியை எடுத்துரைப்பதும் ஆயிரக்கணக்கான குடியானவர்களுக்குப் பழக்கமாயின. பின்னால் பயன்பட்டது இப்பழக்கமே.

யுத்த காலத்தில் சர்க்கார் இந்த இயக்கத்தை ஒடுக்கினர். எனினும் உணவுத் தேவை காரணமாக அவர்களே நிலச்சுவான்தாரின் பலத்தையும் குறைக்க நேர்ந்தது. 1942-ஆம் வருஷத்து உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் நெல்லைச் சர்க்காரே வாங்கினர். சாகுபடி செய்தவனுக்கு அதிக விலையும், நிலச்சுவான்தாரின் குத்தகைப் பங்கிற்குக் குறைந்த விலையும் கொடுக்கப்பட்டன. விளைவிப்பவனுக்கு ஊக்கமளித்தாலன்றி நெல் விளையாது என்பதே காரணம்.

4. 1946-ஆம் வருஷத்துச் சட்டம்

1945-ஆம் வருஷம் ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. ஜெனரல் மெக்கார்தரின் தலைமையில் நேசநாட்டுச் சேனை நாட்டை ஆட்கொண்டது. அவ்வாண்டு இறுதியிலேயே விவசாய மந்திரி மத்ஸுமுரா கென்ஸோவும், அவருடைய இலாகா உத்தியோகஸ்தர்களும் முதல் நிலச்சட்டத்தைத் தயாரித்தனர். அது நிலச்சுவான்தாருக்கு மிகுந்த இடங்கொடுத்ததால் போதாதெனக் கருதப்பட்டு, 1946-ஆம் வருஷம் அக்டோபரில் இரண்டாவது சட்டம் இயற்றப்பட்டது. அதன் முக்கிய ஷரத்துக்களாவன:

(அ) ஊரில் வசிக்காத நிலச்சுவான்தாரின் குத்தகை நிலம் முழுவதையும் சர்க்கார் விலைக்கு வாங்குவது.

(ஆ) ஊரில் வசிப்பவர் குத்தகைக்கு விடக்கூடிய நிலம் ஒரு சோ, அதாவது சுமார் 2½ ஏக்கர் மட்டும். சொந்தச் சாகுபடியையும் சேர்த்து மூன்று சோ, அதாவது ஏழு ஏக்கருக்குச் சற்று மேல். நிலம் பரந்துள்ள ஹொக்கைதோ தீவில் இவ்வளவுகள் நான்கு மடங்கு.

(இ) வாங்கிய நிலத்தை, அதனை உழுதுவந்த குத்தகைதாரருக்கே சர்க்கார் விற்பது. அவர் கிரயத்தை ஒரே தடவையிலோ, 3.2 வீத வட்டியுடன் முப்பது வருஷத் தவணையிலோ செலுத்தலாம்.

(ஈ) எஞ்சிய குத்தகை நிலங்களுக்குக் குத்தகை ரொக்கமாகவே செலுத்தப்படுவது; நஞ்சைக்கு அது விளைச்சல் மதிப்பில் நூற்றுக்கு 25-க்கு மேற்படலாகாது. குத்தகை எழுத்து மூலமாக இருத்தல் வேண்டும்.

இன்னொரு ஷரத்து தனியே கவனிக்கத்தக்கது. நிலம் யாரிடம் எவ்வளவு இருந்தது என்பது 1945-ஆம் வருஷம் நவம்பர் 23-ஆம் தேதியன்று இருந்தபடியே கணக்கிடப்பட்டது. அத்தேதிக்குப் பின் மனைவி மக்கள் பெயரில் பாகம் பிரித்தெழுதியும், குடிகளை எழுப்பிவிட்டுச் சொந்தச் சாகுபடி என்று காட்டியும் தப்ப முயன்றவர்களுக்கு இதனால் வழி அடைபட்டது. சட்டம் வருமென்ற செய்தி முன்னதாகவே பரவியிருந்தால், சட்டம் வந்துசேர்வதற்குள் நிலம் பல பெயர்களாகச் சிதறிவிடும் என்பது எந்நாட்டிற்கும் பொதுவான அனுபவம்.

5. கமிட்டியில் அமர்ந்தவர் யார்?

சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு தலைநகரத்து உத்தியோகஸ்தரிடம் மட்டும் விடப்படவில்லை. சுமார் 11,000 கிராமங்களிலும் ஊர்களிலும் நிலக் கமிட்டிகள் ஏற்பட்டன. ஒவ்வொன்றுக்கும் பத்து அங்கத்தினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்: குத்தகைதாரர் ஐவர், நிலச்சுவான்தார் மூவர், சொந்தச் சாகுபடியாளர் இருவர். அந்தந்த வகுப்பார் தத்தம் பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்தெடுத்தனர்.

கமிட்டி முதலில் சர்வே வாரியாக நிலத்தையும், உடையவர் பெயரையும், உழுபவர் பெயரையும் ஜாபிதாவாக எழுதும். அதன்பின் வாங்கவேண்டிய நிலங்களின் திட்டத்தை எல்லோரும் பார்வையிட வைக்கும். ஆட்சேபணை உள்ளவர் அதனைத் தெரிவிப்பர். தீராதவை ஜில்லாக் கமிட்டிக்குச் செல்லும். எந்த வயலை யார் உழுதார் என்பதை ஊரார் யாவரும் அறிவர். ஆகையால் பொய் ஜாபிதா நெடுநாள் நிற்க முடியவில்லை. அதே சமயத்தில், அறிந்ததை அஞ்சாமல் கூறுவதற்கும் ஆட்கள் வேண்டும். அதற்கு வேண்டிய தைரியம் இருபது வருஷ இயக்கத்தினால் பல கிராமங்களில் வளர்ந்திருந்தது. 1946 பிப்ரவரியில் குடியானவர் சங்கம் மீண்டும் உயிர்பெற்று வேகமாக வளர்ந்தது.

1950-ஆம் வருஷத்திற்குள் சுமார் 19 லட்சம் ஹெக்டேர் நிலம், அதாவது ஏறக்குறைய 47 லட்சம் ஏக்கர் கைமாறிற்று. 46 பங்காயிருந்த குத்தகை நிலம் சுமார் 10 பங்காகக் குறைந்தது. நிலம் பெற்ற குடும்பங்கள் நாற்பது லட்சத்திற்கு மேற்பட்டவை.

6. இறங்கியவரும் ஏறியவரும்

நிலத்தின் கிரயம் யுத்தகால மதிப்பின்படி நிர்ணயிக்கப்பட்டது. நஞ்சைக்கு, பதிவான குத்தகை மதிப்பைப் போல் 40 மடங்கு. புஞ்சைக்கு 48 மடங்கு. நிர்ணயித்த காலத்தில் அது மிகக் குறைந்த விலை அன்று. ஆனால் 1945 முதல் 1949 வரை சாமான்களின் விலை பல பத்து மடங்கு ஏறிவிட்டமையால், கிரயத்தொகை பெயரளவாயிற்று. முப்பது வருஷத் தவணை கொடுக்கப்பட்டிருந்தும், பெரும்பாலான குடியானவர்கள் ஓரிரு வருஷங்களிலேயே முழுத்தொகையையும் கட்டி முடித்தனர். பத்திரம் பெற்ற நிலச்சுவான்தாருக்கோ, அதன் பயன் சொற்பமே.

இதில் நியாயம் எவ்வளவு என்பது அங்கேயே நெடுநாள் வாதிக்கப்பட்டது. நிலம் இழந்தவர்களில் பெரும்பாலோர் பெரும் பிரபுக்கள் அல்லர். சில ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு ஜீவித்தவர்களே அதிகம். அவர்கள் தொடுத்த வழக்கில், கொடுத்த ஈடு சட்டத்திற்குப் பொருந்தியதே என்று 1953-ஆம் வருஷம் டிசம்பரில் உச்ச நீதிஸ்தலம் தீர்ப்பளித்தது. 1965-ஆம் வருஷத்தில் பழைய நிலச்சுவான்தாருக்கு உதவித்தொகை வழங்கத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பெரிய மாறுதலில் நஷ்டமடைந்தோரையும் கணக்கில் வைத்துக்கொள்வது நேர்மையான வரலாற்றுக்கு அவசியம்.

மலைக்காடுகள் பெரும்பாலும் இச்சட்டத்திற்கு உட்படவில்லை. விறகுக்கும் கரிக்கும் தழையுரத்திற்கும் காட்டை நம்பிய மலைக்கிராமங்களில், காட்டுக்குடையவரின் செல்வாக்கு வெகுகாலம் குறையாமல் நின்றது. எது பங்கிடப்படாமல் விடப்பட்டதோ, அதன்மேல் பழைய அதிகாரம் வேரூன்றிக்கொண்டது.

பட்டணத்து நிலைமையும் இதனுடன் ஒப்பிடத்தக்கது. மிட்சுய், மிட்சுபிஷி, சுமிதோமோ, யசுதா முதலிய குடும்பங்கள் பாங்குகளையும் சுரங்கங்களையும் ஆலைகளையும் தாய்க்கம்பெனிகள் மூலம் ஆண்டுவந்தன. 1946 முதல் அத்தகைய தாய்க்கம்பெனிகள் 83 குறிக்கப்பட்டு, அவற்றின் பங்குகள் விற்பனைக்கு வந்தன. அவ்வாண்டு விதிக்கப்பட்ட சொத்துவரி, மிகப்பெருஞ் செல்வர்களிடம் நூற்றுக்கு 90 வரை சென்றது. குடும்பங்களின் ஆதிக்கம் இதனால் ஒழிந்தது. 1947-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் பிரிக்கக் குறிக்கப்பட்ட 325 கம்பெனிகளில் முடிவில் பிரிக்கப்பட்டவை மிகச் சிலவே. 1948 முதல் அமெரிக்கரின் கொள்கை மாறிவிட்டது. குடும்பத் தலைவர்கள் இருந்த இடத்தில் சம்பளம் பெறும் மானேஜர்கள் அமர்ந்தனர். பழைய குழுக்களைச் சேர்ந்த கம்பெனிகள் பாங்குகளைச் சுற்றி மீண்டும் கூடின. 1945 டிசம்பரில் சட்ட அங்கீகாரம் பெற்ற தொழிலாளர் சங்கங்கள் 1949-க்குள் அறுபது லட்சத்திற்கு மேற்பட்ட அங்கத்தினரைப் பெற்றும், முதலின்மேல் அவர்களுக்குப் பாத்தியதை ஏற்படவில்லை. உழவன் வயலுக்கு உடையவனானான். ஆலைத்தொழிலாளி ஆலைக்கு உடையவனாகவில்லை.

7. கூட்டுறவு சங்கத்தின் பங்கு

நிலம் பெற்ற குடியானவனுக்கு மறுநாளே விதையும் எருவும் கடனும் வேண்டும். லேவாதேவிக்காரரிடம் அவன் செல்ல நேர்ந்தால், பத்து வருஷத்தில் நிலம் பழையபடி கைமாறியிருக்கும். 1873-க்குப் பின் அவ்வாறே நடந்தது. இதனை உணர்ந்தே 1947-ஆம் வருஷம் நவம்பரில் விவசாயக் கூட்டுறவுச் சட்டம் இயற்றப்பட்டது. சங்கத்தில் வோட்டு விவசாயிக்கே; பங்கு எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரு வோட்டு; விவசாயி அல்லாதார் வோட்டின்றி இணை அங்கத்தினராக மட்டும் சேரலாம். சங்கம் சேமிப்பை வாங்கிற்று, கடன் கொடுத்தது, எரு வாங்கி விற்றது, நெல்லைத் திரட்டிச் சர்க்காருக்கு அளந்தது. நெல்லின் பணம் அங்கத்தினர் கணக்கில் சேர்ந்தமையால், கடனை வசூலிப்பதும் எளிதாயிற்று.

குறைகளும் இருந்தன. யுத்தகாலத்தில் சர்க்கார் உத்தரவினால் ஏற்பட்ட விவசாயச் சங்கங்களின் கட்டடம், கிடங்கு, கணக்கு, சிப்பந்திகள் யாவும் பல ஊர்களில் அப்படியே புதுச்சங்கத்திற்கு வந்தன. பெயர்ப்பலகை மட்டும் மாறிற்று. 1949-ஆம் வருஷத்தில் சர்க்கார் செலவைச் சுருக்கியபோது பல சங்கங்கள் பணமுடையில் சிக்கின. அவற்றைத் தூக்கி நிறுத்த 1951-இல் தனிச்சட்டம் வேண்டியதாயிற்று. காலக்கிரமத்தில் சங்கங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுப் பெரிதாயின. அவற்றின் தலைவர்கள் அரிசி விலைக்காக மந்திரிகளிடமே வாதாடும் செல்வாக்குப் பெற்றனர். நிலச்சுவான்தாரின் இடத்தில் கூட்டுறவுத் தலைவரும் காரியதரிசியும் கிராமத்துப் பெரிய மனிதரானார்கள். குடியானவர் சங்கமோ, நிலம் கிடைத்ததும் கிளர்ச்சிக்குக் காரணமின்றி மெலிந்துபோயிற்று. கேள்வி கேட்பவர் குறைய, பதில் சொல்பவரின் பொறுப்பும் குறைந்தது.

8. நமக்குரிய படிப்பினைகள்

ஜப்பானில் நடந்ததை நம் கிராமங்களுக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியன்று. அங்கே தோல்வியும் அந்நியச் சேனையும் இருந்தன; நிலப்பதிவு திருத்தமாக இருந்தது; நிலமற்ற கூலியாட்கள் மிகக் குறைவு. தஞ்சை ஜில்லாவிலோ பண்ணையாட்கள் பெருந்தொகையினர். அவர்களுக்கென 1952-ஆம் வருஷத்தில் தனிப் பாதுகாப்புச் சட்டம் செய்ய நேர்ந்தது. உழுபவனுக்கே நிலம் என்ற விதி, உழும் உரிமையே இல்லாத கூலியாளுக்கு நிலம் தருவதில்லை. தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டம் 1961-இல் வந்தது. குத்தகைதாரர் பெயர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1969-இல் வந்தது. ஜப்பானில் உழுபவர் ஜாபிதாவும் நிலமாற்றமும் ஒரே கமிட்டியின் கையில் ஒரே காலத்தில் நடந்தன. வாய்மொழிக் குத்தகைக்கு அத்தாட்சி இல்லை என்பதை நம் குடியானவர்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

இவ்வேற்றுமைகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் நிற்பவை மூன்று. முதலாவது, எழுதிவைத்த கணக்கே ஏழையின் ஆயுதம். ரசீது, பாஸ்புத்தகம், குத்தகைச் சீட்டு இவற்றைக் கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவாகாது. இரண்டாவது, சட்டம் தரும் இடத்தில் உட்காரப் பழகியிருத்தல் வேண்டும். பஞ்சாயத்தார் தேர்தலில் நிற்கவும், மகாசபையில் எழுந்து பேசவும் அங்கத்தினர் முன்னதாகவே பழகாவிடில், அவர்களுக்கென்று ஒதுக்கிய ஸ்தானத்தில் வேறொருவர் வந்து அமர்வார். மூன்றாவது, பழைய பெரிய மனிதர் போனதும் ஸ்தானம் காலியாக இருப்பதில்லை, புதியவர் வருவார். அவர் நம்மிலிருந்தே வந்தவராயினும், கேட்பாரற்ற இடத்தில் அவரும் பழையவர் போலவே ஆவார். அவரைக் கட்டுப்படுத்த மகாசபையைத் தவிர வேறு கருவி சங்கத்திற்கு இல்லை. வருஷத்திற்கு ஒருமுறை வரவு செலவு வாசிக்கப்படும்போது தலையாட்டிவிட்டு எழுந்து போகிறவர், தம் நிலத்தின் ஒரு மூலையை விட்டுக்கொடுக்கிறவரே ஆவார்.

9. சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய கேள்விகள்

(1) நமது சங்கத்தில் நிலமற்றவர், குத்தகைதாரர், பெண்கள் எத்தனை பேர் அங்கத்தினராயுள்ளனர்? சேராதவர்களைத் தடுப்பது எது?

(2) சென்ற மூன்று வருஷங்களில் கொடுத்த கடன்களில், பஞ்சாயத்தாருக்கும் அவர்கள் உறவினருக்கும் சென்றது எவ்வளவு? தவணை தவறியவர்கள் யார்?

(3) தணிக்கை அறிக்கையில் கண்ட குறைகள் மகாசபையில் படிக்கப்பட்டனவா? அவற்றில் நிவர்த்தியானவை எவை?

(4) ஒரு குடும்பத்தாரே தலைமைப் பதவியை எத்தனை வருஷங்களாக வகிக்கின்றனர்? அடுத்த தேர்தலில் நிற்கத் தகுந்த இளைஞர்களைப் பழக்க என்ன ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது?

(5) நம் கிராமத்தில், ஜப்பானிய மலைக்காடு போல், யாவருக்கும் தேவையாயிருந்தும் சிலர் கையிலேயே இருப்பது எது? கிணற்று நீரா, களமா, வண்டியா, கிடங்கா? அதனைச் சங்கத்தின் மூலம் பொதுவாக்க இயலுமா?

இவற்றிற்குச் சங்கப் புத்தகங்களைத் திறந்து வைத்துக்கொண்டே விடை காணுதல் நலம்.